மலைநாட்டில் பழைய கார்: ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டால் எங்கிருந்து பார்ப்பது

ஹேண்ட் பிரேக் லீவர் முன்பைவிட உயரமாக வருகிறது என்று சொன்னால் பல கராஜ்களில் நடப்பது ஒரே வேலைதான். லீவர் பக்கத்து மூடியைக் கழற்றி, கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்கி அனுப்பிவிடுவார்கள். லீவர் கீழே வந்துவிடும். பழுது அப்படியே இருக்கும், சில வேளை கூடவும் செய்யும். அந்த நட்டு கடைசியில் தொட வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது பின் சில்லுக்குள் இருக்கும் டிரம்.

சமதரை ஊர்களில் ஹேண்ட் பிரேக் பழுதோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. இலங்கை மலைநாட்டின் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் அது ஆகாது. கடை வாசல், பாடசாலை வாசல், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஏறும் வழி எல்லாமே சரிவு. கார் நிற்கும் இடத்துக்குக் கீழே அநேகமாக ஒரு வீடோ, ஆட்கள் நடக்கும் பாதையோ இருக்கும். ஆகவே இந்த வேலையை அரைகுறையாக விடக்கூடாது.

நட்டை மட்டும் இறுக்கினால் என்ன கெடும்

டிரம் என்பது சில்லோடு சேர்ந்து சுற்றும் கிண்ணம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன; அவற்றின் மேல் டிரம்மைப் பிடிக்கும் உராய்வுப் படலம்தான் லைனர். கால் பிரேக்கை மிதித்தால், பிரேக் ஒயில் அழுத்தத்தில் இயங்கும் வீல் சிலிண்டர் ஷூக்களை விரிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால், கேபிள் நுனியில் மாட்டியிருக்கும் ஒரு சிறு லீவர் அதே ஷூக்களை விரிக்கும். லைனர் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இடைவெளி கூடும். அதை எடுத்துக்கொள்ளத்தான் பல்சக்கரம் உள்ள அட்ஜஸ்டர் இருக்கிறது. பல டொயோட்டா கார்களில் உள்ளே இருக்கும் சிறு லீவர் போய் வரும் அசைவில்தான் அந்த அட்ஜஸ்டர் பல் பல்லாக நகரும்.

ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கும்போது அந்தச் சிறு லீவர் ஷூவின் தகட்டில் முட்டி முழு ஓய்வில் நிற்க வேண்டும். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கினால் அது ஓய்வுக்குத் திரும்பாது. அட்ஜஸ்டர் நின்றுவிடும், கால் பிரேக் பெடல் மெல்ல மெல்லத் தாழும், ஷூ டிரம்மை எந்நேரமும் உரசும். றம்பொடையில் இருந்து கம்பளை வரைக்கும் இறங்கும் போது ஏற்கெனவே சூடாகும் டிரம் இதனால் இன்னும் சூடாகி, லைனரின் முகம் வழவழத்து மினுங்கும். மினுங்கிய லைனர் பிடிக்காது. அதற்காக மறுபடி நட்டை இறுக்குவார்கள்; உரசல் இன்னும் கூடும்.

சீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளக் கூடியவை

காரைச் சமதரையில் நிறுத்தி லீவரை மெதுவாக இழுத்து கிளிக் எண்ணுங்கள். பெரும்பாலான பழைய ஜப்பானியக் கார்களில், ஏறத்தாழ 20 கிலோ இழுவையில், 5 முதல் 8 கிளிக்குக்குள் இறுக வேண்டும். உங்கள் காரின் கைநூலில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு.

பத்துக்கு மேல் போய்த்தான் இறுகுகிறது என்றால் ஷூ இடைவெளி கூடியிருக்கிறது, அல்லது கேபிள் நீண்டிருக்கிறது. முதலாவதுதான் அதிகம் நடப்பது. ஆறாவது கிளிக்கிலேயே கல்லாக இறுகி, ஆனாலும் கார் நழுவுகிறது என்றால் கதை வேறு: கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகி இழுவை சில்லுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது லைனரில் எண்ணெய் பட்டிருக்கிறது. லீவர் பாரமே இல்லாமல் மேலே வந்தால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கொளுக்கியில் இருந்து கழன்றிருக்கும். இழுத்த லீவர் தானாகக் கீழே விழுந்தால் பல்தகடும் அதில் விழும் நாக்கும் தேய்ந்துவிட்டன. இழுத்து நிறுத்திய லீவரை உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள், ஒரு பல் இறங்கினாலும் அது நம்பத்தக்கதல்ல. அந்தப் பல்லை வெல்டிங் வைத்து அரம் போட்டுச் சரிப்படுத்தப் பார்ப்பது வேண்டாம். லீவர் தொகுதியை முழுதாக மாற்றுவதே சரி.

இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் பிடிக்கிறது, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் நழுவுகிறது; அல்லது இதற்கு எதிர்மாறு. சாதாரண டிரம் பிரேக்கில் கார் முன்னோக்கி உருளப் பார்க்கும்போது முன் ஷூவும், பின்னோக்கி உருளப் பார்க்கும்போது பின் ஷூவும் டிரம்மின் சுழற்சியோடு இழுபட்டுத் தன்னையே இறுக்கிக்கொள்ளும். ஆகவே இறக்கம் பார்த்து நிற்கையில் மட்டும் நழுவினால் முன் ஷூவின் லைனரையும், ஏற்றம் பார்த்து நிற்கையில் மட்டும் நழுவினால் பின் ஷூவின் லைனரையும் சந்தேகியுங்கள்.

லீவரை இறக்கிய பிறகும் டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் சுவிட்சைத் தேடும் முன் போனெட்டைத் திறந்து பிரேக் ஒயில் அளவைப் பாருங்கள். பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஒயில் குறைவுக்கும் ஒரே விளக்குத்தான். வளைவுகளில் மட்டும் மினுக்கி மினுக்கி எரிவது ஒயில் குறைந்ததற்கான அடையாளம். லைனர் தேய்ந்தாலும் ஒயில் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல் எதனால் குறைந்தது என்று பாருங்கள்.

சில்லைத் தூக்கும் முன்

இந்த வேலையின்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். ஆகவே காரை நிறுத்திவைக்க அது உதவாது. மலைநாட்டில் சமதரை கிடைப்பது அரிதுதான், ஆனாலும் தேடிப் பிடியுங்கள்: எரிபொருள் நிலையத்துச் சீமெந்துத் தரை, கோயில் முன்றல், தோட்டத்துத் தொழிற்சாலை முற்றம். சிறு சாய்வு இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், அது உருளும், அழுத்தத்தில் தெறிக்கும். முன் சில்லு இழுக்கும் கார் என்றால் முதலாம் கியரில் போட்டுவிடலாம். கே.ஈ. 70 கொரோலா போலப் பின் சில்லு இழுக்கும் கார் என்றால் கியரில் போட்டால் சில்லைச் சுற்ற முடியாது. நியூட்ரலில்தான் வேலை, அப்போது கட்டைகள் மட்டுமே காரைப் பிடித்திருக்கின்றன. சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடக்கூடாது.

தேயிலைத் தோட்டங்களில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை. அவற்றின் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் (முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால், பின் அக்ஸிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒற்றை டிரம்மில் இருக்கிறது. ஒரு பின் சில்லைத் தரையில் இருந்து தூக்கியதும் டிஃபரென்ஷியல் (இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) வழியாக மற்றச் சில்லு சுழலலாம். ஹேண்ட் பிரேக் இறுகி இருக்கும்போதே வண்டி ஜாக்கியில் இருந்து உருண்டு விழும். கட்டை வைக்காமல் லேண்ட் ரோவரைத் தூக்கவே கூடாது. ஓட்டத்தில் அந்த ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் கூடாது, ஷாஃப்டும் கியரும் ஒரேயடியாக அடிவாங்கும். அந்த டிரம்மில் ஒயில் நனைந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் ஒயில் சீல்தான் காரணம்.

டிரம்மைக் கழற்றினால்

டிரம் வராது என்று சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள், உடையும். பல ஜப்பானிய டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். 8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.25 மில்லிமீற்றர் பிட்ச் (மரைக்கு மரை தூரம்) உள்ள போல்ட் இரண்டை அவற்றில் விட்டு, மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். அப்போதும் வராவிட்டால் ஷூக்கள் தேய்மான விளிம்பில் மாட்டியிருக்கின்றன. டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் பின் தகட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, திருப்புளியால் பல்சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்பி ஷூக்களைச் சுருக்குங்கள். மாருதி 800 போன்ற கார்களில் பேரிங் டிரம்மோடு சேர்ந்தே வரும். அவற்றில் நடு நட்டையும் அதில் குத்தியிருக்கும் ஸ்ப்ளிட் பின்னையும் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது புது ஸ்ப்ளிட் பின் போட வேண்டும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அது நுரையீரலைக் கெடுப்பது. முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரோ பிரேக் க்ளீனரோ விட்டு ஈரமாக்கித் துடையுங்கள்.

லைனர் தடிப்பைப் பாருங்கள். ஒட்டிய லைனர் 1 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் முடிந்தது. ரிவெட் அடித்த லைனர் என்றால் ரிவெட் தலைக்கு மேலே 1 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், ரிவெட் டிரம்மைத் தொட்டால் டிரம்மையும் கீறிவிடும். டிரம்மின் உட்புறத்தில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு தட்டு எடுக்கலாம், ஆனால் டிரம்மிலேயே வார்த்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. மினுங்கிய லைனருக்குத் தடிப்பு மீதமிருந்தால் 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால், ஈரமாக்கிக்கொண்டு, மேல் முகத்தை மட்டும் தேய்த்துப் பார்க்கலாம்.

ஈரம் தெரிந்தால் அது எந்த எண்ணெய் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் திருப்புளி நுனியால் மெல்ல விலக்குங்கள். உள்ளே மெல்லிய திரவம் தேங்கியிருந்தால் பிரேக் ஒயில். சிலிண்டர் ரப்பர்களையோ, உள்சுவர் அரித்திருந்தால் சிலிண்டரையோ மாற்ற வேண்டும். திரவம் தடிப்பாக, கந்தக நெடியோடு இருந்தால் அது பின் அக்ஸில் ஒயில், சீல் போயிருக்கிறது. அந்த நிலையில் அக்ஸிலின் காற்றுத் துளையையும் பாருங்கள்: சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வரும். தோட்டத்து மண் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது சாதாரணம். எண்ணெய் ஊறிய லைனரைப் பெற்றோல் விட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். இரண்டு சில்லுக்கும் சேர்த்து, ஷூ நான்கையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு ஒரு பக்கம் இழுக்கும்.

ஷூக்களைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துவையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை பல கார்களில் எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாறிப் போட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் ஷூ விரியாமல் சுருங்கும். அட்ஜஸ்டரின் மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். ஷூ உராயும் பின் தகட்டு மேடுகளுக்கும் அதே கிரீஸ் ஒரு பொட்டு. லைனரில் ஒரு துளிகூடப் படக்கூடாது. உள்ளே இருக்கும் சிறு லீவரின் மூட்டு அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள், இந்த மூட்டு துருப்பிடித்து நின்றிருப்பதைக் கேபிள் பழுது என்று எண்ணி வீணாகக் கேபிள் வாங்குகிறவர்கள் அதிகம்.

கேபிள்

மலைநாட்டில் கேபிளைக் கொல்வது ஈரம். அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே தொடங்கித் தென்மேல் பருவமழை. பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டு முடிவில் இருந்து வடகீழ் பருவமழை. இடையில் மூடுபனி. கேபிள் சில்லுப் பக்கம் வளைந்து தாழும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் தங்கும். முதலில் அந்த வளைவைப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. முன் கேபிளும் இரண்டு பின் கேபிள்களும் சேரும் சமன் தகட்டில் இருந்து பின் கேபிள்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு வந்து, விட்டதும் டிரம் ஸ்பிரிங்கின் இழுவையில் தானாகத் திரும்பிப் போக வேண்டும். இழுக்க வராவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. போய் வராவிட்டால் விடாது, சில்லு உரசி வேகும். இழை ஒன்றிரண்டு பிரிந்து முள்ளாக நிற்கும் கேபிளை வைத்திருக்கக் கூடாது. சமன் தகடு சுதந்திரமாக ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்: அது ஒரு பக்கம் சாய்ந்து இறுகினால் இழுவை முழுதும் ஒரு சில்லுக்கே போகும்.

உள்ளே நைலோன் குழாய் உள்ள கேபிளுக்கு ஒயில் விட்டு இளக்குவது சில நாளுக்குத்தான் தாங்கும். துரு தொடங்கிய கேபிளை மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடது, வலது நீளம் பல கார்களில் வேறு வேறு. பழைய மொடலுக்குச் சாமான் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள், ஆளனுப்புகிறவர்கள், பழைய கேபிளைக் கையில் கொடுத்தனுப்புங்கள். பாவித்துக் கழற்றிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. இந்தச் சாமானுக்கு மட்டும் புதிதே வாங்குங்கள்.

இறுக்கும் ஒழுங்கு

லீவர் முழுதாகக் கீழே. கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்திவிடுங்கள், டிரம்முக்குள் சிறு லீவர் ஓய்வில் முட்டி நிற்க வேண்டும். டிரம்மைப் போட்டு, பல்சக்கரத்தைத் திருப்பி, சில்லு சுற்ற முடியாமல் பிடிக்கும் வரை ஷூக்களை விரியுங்கள். பிறகு பின்னுக்குத் திருப்புங்கள். பல டொயோட்டா கார்களுக்கு 8 பல். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ளவற்றில் அதன் நாக்கை மெல்லிய திருப்புளியால் விலக்கிப் பிடித்தால்தான் சக்கரம் பின்னுக்கு வரும். சில்லைக் கையால் சுற்றினால் மெல்லிய உரசல் சத்தம் கேட்கலாம், கையைத் தடுக்கக்கூடாது. மறு பக்கமும் அதே அளவு.

இனிக் கால் பிரேக்கைப் பல முறை மிதியுங்கள், ஷூக்கள் நடுவுக்கு வந்து அமரும். பெடல் உயரம் சரியான பிறகுதான் கேபிள் நட்டு. பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீற்றர் ஸ்பேனர். கேபிளின் மரைத் தண்டு முறுகாமல் குறடால் பிடித்துக்கொண்டு இறுக்கி, கிளிக் எண்ணிக்கை சொன்ன அளவுக்கு வந்ததும் லொக் நட்டைப் பூட்டுங்கள். லீவரை இறக்கி இரண்டு சில்லையும் சுற்றிப் பாருங்கள். இறக்கியும் உரசினால் நட்டு கூடிவிட்டது.

பின்னால் டிரம்முக்குப் பதில் டிஸ்க் உள்ள கார்களில் கலிப்பரின் (டிஸ்க்கை இரு பக்கமும் பேட் வைத்துக் கவ்வும் பகுதி) பக்கத்து லீவர் முழுதாகத் திரும்பி ஓய்வில் முட்டுகிறதா என்பதே முதல் கேள்வி. ஹேண்ட் பிரேக் கலிப்பரிலேயே இருந்தால் பேட் மாற்றும்போது பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே விட வேண்டும். சீ கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள் மரை போய்விடும். இந்த வகைக் கார்கள் நீண்ட இறக்கம் இறங்கிச் சூடாக நிற்கும்போது, டிஸ்க் ஆறச் சுருங்கி, பிடி தளரும். ஆகவே சரிவில் கியரிலும் போட்டு, கால் மணி நேரம் கழித்து லீவரை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள்.

விடாமல் ஒட்டிக்கொண்டால்

மழையில் ஓடிய, அல்லது கழுவிய காரை ஹேண்ட் பிரேக்கில் நாட்கணக்கில் விட்டால் லைனர் துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை அலறவிட்டு இழுக்காதீர்கள், ஒட்டிய லைனர் ஷூவில் இருந்து பெயர்ந்துவிடும். சில்லுக்குக் கட்டை வைத்து, சில்லைக் கழற்றி, டிரம்மின் முகத்தைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் விடும். கழுவிய பின் கொஞ்சத் தூரம் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினால் ஈரம் காயும்.

பிடிக்கிறதா என்று பார்ப்பது, பிறகு நிறுத்துவது

நானுஓயா – ரதல்ல குறுக்குப் பாதை போன்ற கடும் சரிவில் முதல் சோதனை வேண்டாம். கீழே யாரும் இல்லாத, சிறு சரிவான இடத்தில், சில்லுக்கு அரை மீற்றர் கீழே கட்டையை வைத்துவிட்டு, கால் பிரேக்கில் நிறுத்தி, லீவரை இழுத்து, காலை மெல்ல எடுங்கள். ஏற்றம் பார்த்து ஒரு முறை, இறக்கம் பார்த்து ஒரு முறை. பிறகு மூன்று நான்கு கிலோமீற்றர் ஓட்டி, இறங்கி, பின் சில்லுகளுக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் இன்னும் உரசுகிறது.

சரிவில் நிறுத்தும்போது ஒழுங்கு இதுதான்: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை மெல்ல எடுத்து ஹேண்ட் பிரேக் பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பது, அதற்குப் பிறகு கியர். ஏற்றம் பார்த்து நின்றால் முதலாம் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஓட்டோ கியர் காரிலும் பாரத்தை ஹேண்ட் பிரேக் வாங்கிய பின்தான் கியர் லீவரை பீ-க்கு (P, பார்க்) தள்ள வேண்டும். இல்லாவிட்டால் காரின் பாரம் முழுதும் கியர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன நாக்கில் தொங்கும். ஸ்டியரிங்கை, கார் உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டில் போய் முட்டும்படி திருப்பி வையுங்கள். சில்லுக்கு வைத்த கட்டையோ கல்லோ புறப்படும்போது உங்களோடு வர வேண்டும். வீதியில் விட்டுப்போன கல் பின்னால் மூடுபனியில் வரும் மோட்டார் சைக்கிள்காரரைச் சாய்க்கும்.

புது லைனர் போட்டிருந்தால் டிரம்மோடு பழகி அமர்ந்த பின் இடைவெளி மறுபடி சற்றுக் கூடும். 500 கிலோமீற்றர் அளவில் கிளிக்கை ஒரு முறை எண்ணுங்கள். கூடியிருந்தால் அப்போதும் பல்சக்கரம்தான் முதலில், நட்டு பிறகு.